இரவில் மூடப்படும் சாலைகள்

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் நம்மில் பலர் பெங்களூருவிலிருந்து சொந்த ஊருக்குச் செல்கிறோம். உதகை, கூடலூர் பக்கம் செல்வோர் மைசூரு, குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாகச் செல்வர். சத்தியமங்கலம், கோயம்புத்தூர் பக்கம் செல்வோருள் சிலர் சாமராஜநகர், திம்பம் வழியைத் தேர்வர். இவ்விரு வழிகளிலும் பயணம் செய்யும் பெரியவர்கள், "கேட் சாத்துவதற்குள் போய்விட வேண்டும்" என்று கூறி விரைவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேட் எது? பொதுச்சாலையை ஏன் மூட வேண்டும்? அறிந்துகொள்வோம்.

நம் நாட்டில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973ஆம் ஆண்டு தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காடுகளுள் பந்திப்பூரும் ஒன்று. அதன் நடுவே இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் செல்கின்றன. ஒன்று முதுமலை வழியாகத் தமிழ்நாட்டுக்கும், மற்றொன்று வயநாடு வழியாகக் கேரளத்துக்கும் செல்கின்றது. இரவில் விரைந்த வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் மடிந்தமையால், 2009ஆம் ஆண்டு சாமராஜநகர் மாவட்ட நிருவாகம் இரவுப் போக்குவரத்துக்குத் தடை விதித்தது. வழக்கு கர்நாடக உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 2010 மார்ச்சில் நீதிமன்றம் அத்தடையை உறுதிசெய்தது. அதன்படி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சோதனைச்சாவடிகள் மூடப்படுகின்றன. அவசர ஊர்திகளுக்கும், வரையறுக்கப்பட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு.

பகலில் திறந்திருக்கும் சாலையை இரவில் மட்டும் மூடுவது ஏன்? யானை, புலி, சிறுத்தை, மான் முதலியவை பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் நடமாடுகின்றன. நீரையும் இரையையும் நாடிச் சாலையைக் கடக்கின்றன. அவற்றின் கண்கள் மங்கிய ஒளிக்குப் பழகியவை. முகப்பு விளக்கின் பேரொளி பட்டவுடன் மான் திகைத்து அசையாது நின்றுவிடும். பாம்பு போன்றவை, பகல் வெயிலில் சூடேறிய தார்ச்சாலையில் குளிர்காய வந்து கிடக்கும்.

ஓட்டுநரின் நிலையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கும். விலங்கைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை நொடி ஆகுமெனின், அதற்குள் வண்டி 33 மீட்டர் முன்னேறியிருக்கும். பிரேக் பிடித்த பின்னரும் அது உடனே நில்லாது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தொலைவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே, காட்டுச்சாலையில் வேகத்தைக் குறைப்பது ஓர் உயிரைக் காக்கும் செயலாகும்.

எனினும், தடையால் துன்புறும் மக்களையும் நாம் மறத்தலாகாது. வயநாட்டு மக்களுக்கு மைசூரு அண்மையிலுள்ள பெருநகரம். மருத்துவத்துக்கும் வணிகத்துக்கும் அவர்கள் இச்சாலையையே நம்பியுள்ளனர். 2019ஆம் ஆண்டு சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் தடையை எதிர்த்து உண்ணாநோன்பு இருந்தனர். 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும், சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வது எவ்வாறு என்று தாளவாடி மலைப்பகுதி உழவர்கள் கேட்டனர். அவர்கள் கேள்வியிலும் நியாயம் உண்டு. உள்ளூர் மக்களுக்கு விலக்கு அளித்தல், மாற்றுவழியைச் செப்பனிடுதல் போன்றவை இரு தரப்பு நியாயங்களையும் இணைக்கும் முயற்சிகள். இன்பச் சுற்றுலா செல்லும் நாமோ இரண்டு மணிநேரம் முன்னதாகப் புறப்பட்டாலே போதும்.

சாலை திறந்திருக்கும் நேரத்திலும் நமக்குக் கடமைகள் உள்ளன. காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்குதல், குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசுதல், ஒலிப்பானை அடித்தல் ஆகியவை கூடா. தார்ச்சாலையை விட்டிறங்கிக் காட்டுத்தடத்தில் வண்டியைச் செலுத்துதல் அறவே கூடாது. காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இனி, நம் நகரின் அருகில் உள்ள ஓரிடத்தைப் பார்ப்போம். பெங்களூருவுக்கு வடமேற்கே ஹெசரகட்டா ஏரி உள்ளது. நகருக்குக் குடிநீர் வழங்குவதற்காக 1894ஆம் ஆண்டு அர்க்காவதி ஆற்றின் குறுக்கே அமைக்கப்பட்டது. அதனையொட்டிப் பரந்த புல்வெளி உண்டு. 2024 அக்டோபரில் கர்நாடக மாநில வனவுயிர் வாரியம், 5,678 ஏக்கர் பரப்பைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்க ஒப்புதல் அளித்தது.

மரங்கள் அடர்ந்திராத இந்நிலத்தைத் தரிசு எனக் கருதி, சிலர் ஜீப்புகளையும் மோட்டார் சைக்கிள்களையும் விருப்பம்போல் ஓட்டினர். புல்வெளியோ வெற்றிடம் அன்று. வானம்பாடி, ஆட்காட்டி போன்ற பறவைகள் தரையிலேயே முட்டையிடுகின்றன. மண்ணின் நிறத்திலுள்ள அம்முட்டைகள் ஓட்டுநரின் கண்ணில் படுவதில்லை. ஈரமண்ணில் சக்கரம் ஏறினால் மண் இறுகும். மழைநீர் உள்ளே இறங்காது. சக்கரத்தடமே ஓடையாகி, மேல்மண்ணை அரித்துச் செல்லும். ஏரிக்கு மெல்லக் கசிந்து சேரவேண்டிய நீர் வீணாகும். அர்க்காவதி, காவிரியின் துணையாறு என்பதை நினைவிற்கொள்க. இங்கே புல்லுக்குச் செய்யும் தீங்கு நீருக்குச் செய்யும் தீங்குமாகும்.

ஊர்ப்புற மண்பாதைகளில் வண்டி ஓட்டுவோர் பின்பற்றத்தக்க நெறிகள் சில உள. தடை உள்ளதா என முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். ஏற்கெனவே உள்ள தடத்தை விட்டு விலகுதல் கூடாது. மழைக்காலத்தில் ஈரம் உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். ஆடுமாடுகள் எதிர்ப்பட்டால் வண்டியை நிறுத்தி வழிவிடுதல் வேண்டும். திறந்து சென்ற படலை மீண்டும் சாத்திவிட்டுச் செல்லுதல் வேண்டும். வயல் வரப்பின்மீது சக்கரம் ஏற்றுதல் உழவரின் உழைப்பின்மீது ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

மாணவர்களே! பந்திப்பூரில் கேட் உண்டு, காவலரும் உண்டு. புல்வெளியிலும் மண்பாதையிலும் அவ்வாறு எங்கும் காவலர் நிற்பதில்லை. அங்கே நம்மை நிறுத்த வேண்டியது நம் மனமே. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் புறப்படும்போது, "அப்பா, சற்று முன்னதாகவே கிளம்பலாம், காட்டுக்குள் மெதுவாகப் போகலாம்" என்று நீங்களே கூறுங்கள்.

சொற்பொருள்
அந்தி – மாலை இருள் சூழும் நேரம்
படல் – மூங்கில், முள் முதலியவற்றால் ஆன வேலிக்கதவு
தரிசு – பயிரிடப்படாத நிலம்

சிந்தித்து எழுதுக
1. இரவு நேரத்தில் காட்டுச்சாலையை மூடுவதற்கான காரணங்கள் இரண்டினைக் கூறுக.
2. சக்கரத்தடத்தால் நிலத்தடி நீர் எவ்வாறு பாதிக்கப்படுகிறது?
3. நீங்கள் தாளவாடியில் காய்கறி பயிரிடும் உழவர் எனில், அதிகாரிகளிடம் எத்தகைய தீர்வைக் கேட்பீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.