நாய்க்காதில் தேய்த்த பஞ்சு

ருவான்வெல்லையைச் சுற்றியுள்ள றப்பர் தோட்டங்களில் நாய் இல்லாத லயம் அரிது. வாசலில் கிடக்கும், மழை வந்தால் அடுப்படியில் ஒதுங்கும், பிள்ளைகளின் கையிலிருந்தே தின்னும். அதன் காதில் சீழ் வைத்தாலோ முதுகில் சொறி பரவினாலோ வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் குளிசையில் பாதியை உடைத்துக் கொடுக்கத்தான் கை போகும். மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாலும் அவர் எழுதிக்கொடுப்பதில் பல, நம் பார்மசியில் கிடைக்கும் அதே அமொக்ஸிசிலின், அதே செஃபலெக்ஸின் வகைகள்தாம். விலங்குகளுக்கென்றே விற்கும் என்ரோஃப்ளொக்சசின்கூட நாயின் உடம்புக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளொக்சசினாக மாறிவிடுகிறது. அது மனிதரின் சிறுநீர்த் தொற்றுக்கு எழுதப்படும் மருந்து. கூரையும் ஒன்று, மருந்தும் ஒன்று. அப்படியிருக்க, அந்த நாயிடம் குடியிருக்கும் பக்டீரியாக்கள் எந்த மருந்துக்கு அடங்குகின்றன, எதற்கு அடங்குவதில்லை என்று கணக்கெடுத்து வைப்பதை நாய்ப்பிரியர்களின் பொழுதுபோக்காக ஒதுக்க முடியாது. அது பொதுச் சுகாதாரத்தின் வேலை.

கணக்கெடுக்கும் விதம் பழையது, எளியது. காதுப் புண்ணில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கிருமியை வளர்த்து, இன்னதென்று கண்டு, உப்புநீரில் கலக்கி, முல்லர்-ஹின்டன் ஊடகம் ஊற்றிய வட்டத் தட்டில் சீராகப் பூசுவார்கள். வைக்கோல் நிறத்தில் கடற்பாசி ஜெலி போல உறைந்திருக்கும் அந்த ஊடகத்தின் மேல் ஆறு மில்லிமீற்றர் அகலக் காகிதச் சில்லுகளை வைப்பார்கள். சில்லுக்கு ஒரு மருந்து. ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில் ஓர் இரவு கழிந்தபின் பார்த்தால் தட்டெங்கும் மங்கலான படலம் படர்ந்திருக்கும். மருந்து வேலைசெய்த சில்லுகளைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். மருந்து பலிக்காத சில்லில் படலம் விளிம்பு வரை ஏறி நிற்கும். வட்டத்தின் விட்டத்தை அடிமட்டத்தால் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் முடிவு கிடைத்துவிடும். 1966இல் பவர், கேர்பி முதலியோர் ஒழுங்குபடுத்திய முறை இது. இதைவிட மலிவாகக் கிருமியிடம் வாக்குமூலம் வாங்க இன்றும் வழி குறைவு. மரபணு வரிசையையும் வாசித்தால், இரண்டு இடங்களில் அகப்பட்ட கிருமிகள் ஒரே வம்சமா என்பதும் தெரியும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மிருக வைத்திய ஆய்வுகூட வலையமைப்பு 2017 முதல் நோயுற்ற நாய்களின் கிருமிகளை இப்படித்தான் தொடர்ந்து பார்த்துவருகிறது.

அங்கே நாய்க்குட்டி விற்கும் கடைகளிலிருந்து பரவிய நோயொன்று இதன் தேவையைக் காட்டியது. 2016க்கும் 2018க்கும் இடையில் பல மாநிலங்களில் 100க்கும் மேற்பட்டோர் கம்பைலோபக்டர் என்ற கிருமியால் வயிற்றோட்டத்தில் விழுந்தார்கள். குட்டிகளைத் தொட்டவர்களும் கடை ஊழியர்களுமே அதில் மிகுதி. வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளுக்கு அந்தக் கிருமி மசியவில்லை. பதிவேடுகளைப் புரட்டியபோது, விசாரித்த 149 குட்டிகளில் 142க்கு அன்டிபயோட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அவற்றில் பல, நோயே இல்லாமல் ‘முன்னெச்சரிக்கையாக’ மருந்து வாங்கியவை. முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எதிர்ப்புள்ள கிருமிகளை மட்டும் மிஞ்சவிட்டு வளர்த்திருக்கிறார்கள்.

நாயின் கிருமி நாயோடு, மனிதரின் கிருமி மனிதரோடு என்று சிலர் மறுப்பார்கள். ஓரளவு உண்மைதான். நாய்த்தோலில் வழக்கமாக வாழும் ஸ்டஃபிலோகொக்கஸ் சூடின்ரர்மீடியஸ் மனிதரில் நோய் உண்டாக்குவது குறைவு. ஆனால் எதிர்ப்பைத் தரும் மரபணுக்களில் பல, பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையங்களில் ஏறி ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவக்கூடியவை. ஈ.கோலையோ இரு தரப்பின் குடலிலும் உண்டு. தாவல் ஒருவழிப் பாதையும் அன்று: வைத்தியசாலையில் தொற்றிய, பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியை வீட்டுக்காரரே நாய்க்குக் கொடுத்த சம்பவங்கள் உண்டு. இதைக் கேட்டு யாரும் நாயைத் தெருவில் விடவேண்டியதில்லை. குற்றவாளி தேடும் வேலை அல்ல இது. கோழிப்பண்ணைக்கும் மாட்டுக்கும் போகும் மருந்தே கூடுதல், அதை முதலில் பார்க்கட்டும் என்ற வாதத்தையும் ஏற்கிறேன். பார்க்கட்டும். ஆனால் கோழி நம் பாயில் படுப்பதில்லை.

செலவுதான் கனமான மறுப்பு. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்கள் நேரடியாகப் பறித்த உயிர்கள் உலகளவில் 12.7 இலட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள் என்றாலும், குளிசைக்கே தட்டுப்பாடான நாட்டில் நாய்க்காதுக்கு ஆய்வா என்ற கேள்வி நியாயமானது. பதில் நம் நாட்டு விசர்நாய்க்கடி வரலாற்றிலேயே இருக்கிறது. 1893இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. 1973இல் 377 பேர் அந்நோயால் இறந்தார்கள்; அண்மை ஆண்டுகளில் அது 20, 30 என்ற அளவில் நிற்கிறது. சந்தேகமான நாயின் தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்புவதும், ஊர் ஊராய்த் தடுப்பூசி போடுவதும் இங்கே புதிதல்ல. நாயைப் பார்த்து மனிதரைக் காக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. விலங்குத் தரப்பில் கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகமும், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடமும் இருக்கின்றன.

எனக்கே உறுத்தும் குறை வேறொன்று. ஆய்வுகூடம்வரை போவது காசுள்ளவரின் நாய், அதுவும் பல மருந்து பலிக்காமல் போனபின். அந்த மாதிரிகளை மட்டும் எண்ணினால் எதிர்ப்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். லயத்து நாய் கணக்கிலேயே வராது. அதற்குத் தடுப்பூசி நாளே தோதான நாள். நாயை ஒருவர் பிடித்திருக்கும் நேரத்தில், இருபதுக்கு ஒன்றாக, பின்வாயில் ஒரு பஞ்சுக்குச்சி போதும். கூடவே நாலு விவரம் பதிய வேண்டும்: தோட்டத்தின் பெயர், கடைசியாகக் கொடுத்த மருந்து, வீட்டில் யாராவது அண்மையில் வைத்தியசாலையில் தங்கினாரா, தட்டில் அளந்த மில்லிமீற்றர். அளவுகளின் பிரதி கரவனெல்லை ஆதார வைத்தியசாலைக்கும் போகவேண்டும், ஏனென்றால் அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சீழ் வைத்தால் மருந்து எழுதப்போவது அங்கேதான்.