கருவிலுள்ள சிசுவின் சொத்து

தந்தை இறக்கும்போது தாயின் கருவிலிருந்த சிசு, பின்னர் உயிரோடு பிறக்குமாயின், தந்தையின் சொத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே பங்கு பெறும். 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டத்தின் 20-வது பிரிவு கூறுவது இது. இன்னும் முகங்காணாத குழந்தையின் நிலத்தையும் வீட்டையும் காக்கச் சட்டம் இருக்கிறது. அக்குழந்தையின் கண், செவி, மூளை ஆகிய பெருஞ்சொத்தைக் காப்பவர் யார்?

ரூபெல்லா என்னும் நோயைப் பலர் அற்பமாக எண்ணுகின்றனர். சிறிது ஜுரம், சில தினங்கள் உடலில் தடிப்பு, அவ்வளவே. பலருக்கு அதுவும் தோன்றுவதில்லை. ஆயினும் கர்ப்பத்தின் முதல் 3 மாதங்களில் ஒரு ஸ்திரீயை அது பற்றுமாயின், கிருமி தாயின் இரத்தத்திலிருந்து சிசுவை அடைந்து, அவயவங்கள் உருவாகும் தருணத்திலேயே அவற்றைக் கெடுக்கிறது. கரு சிதையலாம், அன்றேல் குழந்தை கண்ணில் புரையுடனும், செவிடாகவும், இருதயக் கோளாறுடனும், சிறுத்த தலையும் வளர்ச்சி குன்றிய மூளையும் உடையதாகவும் பிறக்கலாம். 1941-ல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் வைத்தியர் இத்தொடர்பை உலகுக்கு எடுத்துக்காட்டினார். இவ்வாறு பழுதுபட்ட மூளையைச் சீர்செய்ய இன்றளவும் மருந்தில்லை. வருமுன் காப்பதே வழி.

அவ்வழி நம் வாசலுக்கே வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர் யாவருக்கும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் துவங்கிற்று. நடந்ததென்ன? வாட்ஸாப் வழியே வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் அஞ்சி மறுத்தனர். அம்மாத இறுதியில் முடியவேண்டிய வேலை மார்ச்சு வரை நீடிக்கலாயிற்று. வதந்தியைப் பரப்பியோர் எழுத்தறியாத பாமரரல்லர். படித்தவரே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஆண் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்போருண்டு. பள்ளியில் நோயேற்ற பையனே அதை வீட்டிலுள்ள கர்ப்பிணிக்குக் கொடுக்கிறான். அவன் தோளில் இடும் ஊசி, பிறவாத தம்பிக்கோ தங்கைக்கோ கவசமாகும்.

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் ரயிலேறிப் பட்டணம் செல்லும் அன்பர்கள் தினந்தோறும் கிண்டியைக் கடக்கின்றனர். அங்குள்ள கிங் இன்ஸ்டிடியூட், 1899-ல் அம்மைப்பால் தயாரிக்கும் பணியுடன் தோன்றியது. ஜனங்கள் அச்சத்தை விட்டுக் கையை நீட்டியதனாலன்றோ வைசூரி ஒழிந்தது! 1980-ல் உலகமே அதனின்றும் விடுபட்டதாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

2017-ல் 15 வயதைக் கடந்திருந்த பெண்கள் அவ்வியக்கத்தில் சேரவில்லை. அவர்களில் பலர் இன்று தாயாகும் பருவத்தினர். கர்ப்பமான பின் இவ்வூசி போடலாகாது. போட்டபின் ஒரு மாதமேனும் கர்ப்பம் தரியாதிருத்தல் வேண்டும். ஆகவே விவாகத்துக்கு முன்பே வைத்தியரைக் கலந்துகொள்வது அவசியம். ஜாதகமும் சீரும் விசாரிக்கும் நாம் இதையும் விசாரிப்போமாக. மேடையில் தேசத்தின் எதிர்காலத்தைப் பேசும் ஆண்மக்கள், தம் இல்லத்தில் பிறக்கவிருக்கும் எதிர்காலத்தை மறக்கலாமா?