இளங்கன்றின் உடலியங்கியலும் மருந்தும்

பிறந்து சில வாரங்களே ஆன கன்றின் உடலில் மருந்து செயல்படும் விதம் வேறு. வளர்ந்த மாட்டில் வேறு. உத்திரமேரூர் வட்டாரம் போல உழவோடு கறவை மாடும் வளர்க்கும் ஊர்களில், மாட்டுக்கு வாங்கிய மருந்தையே அளவு குறைத்துக் கன்றுக்குப் புகட்டலாம் என்று நினைப்பது இயல்பு. அது எப்போதும் சரியாகாது.

கன்றின் இரைப்பையில் முதல் அறை இன்னும் வேலை தொடங்கியிருக்காது. பால் நேரே நான்காம் அறைக்குப் போகும். அதனால் வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின் கன்றின் இரத்தத்தில் ஓரளவு சேர்கிறது. அசைபோடும் மாட்டில் அப்படிச் சேர்வதில்லை. முதல் அறையின் நன்மை தரும் நுண்ணுயிர்களையும் அது கெடுக்கும்.

கல்லீரலே முக்கியமானது. மருந்தைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்ற உதவும் நொதிகள் பிறந்தவுடன் போதிய அளவு இருப்பதில்லை. முதல் வேளை மருந்து வெளியேறும் முன்பே அடுத்த வேளை மருந்தும் சேர்ந்துவிடும். மனிதரிலும் இந்நிலை உண்டு. குளோராம்பெனிகால் பெற்ற பச்சிளங்குழந்தைகள் சிலர் உடல் சாம்பல் நிறமாகி இறந்தது 1959-இல் மருத்துவ இதழ்களில் வெளியானது.

ஜென்டாமைசின் கதை வேறு. கன்றின் உடலில் நீரின் பங்கு அதிகம் என்பதால் இம்மருந்து பரவி நீர்த்துப்போகும். சிறுநீரகமும் அதை மெதுவாகவே வெளியேற்றும். ஆகவே கிலோ எடைக்கு அளவு கூடலாம், இரு வேளைகளுக்கு இடைவெளியும் கூட வேண்டும். இதைக் கால்நடை மருத்துவரே கணக்கிட முடியும். அவருக்குக் கன்றின் எடையோடு பிறந்த நாளும் தெரிய வேண்டும்.

வயது போதாது என்று எல்லா மருந்தையும் தள்ளிப்போடுவதும் தவறு. எருமைக் கன்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு தொற்றுவதால், பிறந்த இரண்டாம் வாரத்திலேயே பைப்பரசின் புகட்டுவது வழக்கம்.