சிறையில் போன உயிருக்கு யார் பொறுப்பு?

ஜெயிலில் இருப்பவர் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியுமா? போடலாம். ஆனால் அந்த வழக்கு நிற்குமா? ஆந்திராவில் நடந்ததைப் பாருங்கள்.

கர்நூல் பக்கம் கோயில்குண்ட்லா என்று ஓர் ஊர். அங்கே ஒரு சப்-ஜெயில். 1977ஆம் வருடம் ஒரு தகப்பனாரும் மகனும் அதில் விசாரணைக் கைதிகளாக இருந்தார்கள். தீர்ப்பு இன்னும் ஆகவில்லை. தங்கள் உயிருக்கு ஆபத்து என்று போலீசாரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். போதிய காவல் போடவில்லை.

மே 5ஆம் தேதி இரவு கழிந்து, விடிவதற்கு முன், மூன்றரை மணி இருக்கும். சிலர் ஜெயிலுக்குள் புகுந்தார்கள். இவர்கள் இருந்த அறைக்குள் வெடிகுண்டு வீசினார்கள். தகப்பனார் இறந்துபோனார். மகன் காயத்தோடு பிழைத்தார்.

வீட்டில் என்றால் ஓடித் தப்பலாம். ஜெயிலில் எங்கே ஓடுவது? சாவி அரசாங்கத்திடம் அல்லவா இருக்கிறது!

குடும்பத்தார் 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட் தள்ளுபடி செய்தது. காலக்கெடு முடிந்துவிட்டது என்பது ஒரு காரணம். ஜெயில் நடத்துவது ஆட்சி அதிகாரத்தைச் சேர்ந்த வேலை, அதில் தவறு நடந்தால் நஷ்டஈடு கேட்க முடியாது என்பது இன்னொன்று.

இது என்ன நியாயம் என்று தோன்றும். ராஜா தப்புச் செய்யமாட்டார், அவர்மேல் வழக்குப் போடக் கூடாது என்பது இங்கிலாந்தின் பழைய வழக்கம். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே வந்தது. அவர்கள் போன பிறகும் கோர்ட்டில் தங்கிவிட்டது. போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தை ஓர் ஏட்டு எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். தங்கத்தைப் பறிகொடுத்த வியாபாரிகளின் வழக்கை 1964இல் சுப்ரீம் கோர்ட்டே இந்தக் காரணத்தால்தான் தள்ளியது.

ஆந்திராக் குடும்பம் விடவில்லை. ஹைகோர்ட்டுக்குப் போனது. அங்கே தள்ளுபடி ரத்தானது. 1,44,000 ரூபாயும் வட்டியும் கொடுக்கும்படி தீர்ப்பு. அரசாங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2000இல் அங்கேயும் அரசாங்கம் தோற்றது. உயிர் வாழும் உரிமையை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு எல்லோருக்கும் தந்திருக்கிறது. கைதியும் மனிதர்தான். அவருடைய அந்த உரிமை பறிபோனால், ஆட்சி அதிகாரம் என்ற சாக்கு செல்லாது என்றது கோர்ட். அதற்குள் 23 வருடம் ஓடிவிட்டது.

வக்கீல் வைக்கப் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். 1987ஆம் வருடச் சட்டப்படி, காவலில் உள்ளவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் பார்ப்பதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். இன்னொருவர் எழுதித் தருவார்.