மலை ஜீப்பிற்கு எந்த அளவு டயர்?



மலைக்கிராமங்களுக்குச் செல்லும் நமது ஃபோர் வீல் டிரைவ் பொலேரோவிற்கு டயர் மாற்ற வேண்டும் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். "அகலமான பெரிய டயராகவே வாங்குங்கள், கூடுதல் தொகையை நாங்கள் தருகிறோம்" என்று அன்பர் சிலர் எழுதியிருக்கிறார்கள. அவர்களுக்கு எங்கள் நன்றி. ஆயினும் பழைய அளவையே வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். காரணத்தை உங்களுக்கு விளக்குவது எங்கள் கடமை.

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று அச்சிட்டிருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அதில் நூற்றுக்கு 75 பங்கு, அதாவது சுமார் 161 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். எல்லாம் கூட்டினால் சக்கரத்தின் உயரம் ஏறக்குறைய 70 செ.மீ.

இதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் சக்கரம் 30 மி.மீ. உயரும். ஆனால் வண்டியின் அடிப்பகுதி அதில் பாதிதான், ஒரு விரற்கடை அளவே உயரும். அதற்கு ஈடாக நாம் இழப்பது அதிகம். சக்கரம் பெரிதானால் முதல் கியரின் இழுவை நூற்றுக்கு நான்கு பங்கு குறையும். நோயாளியும் உடன் வருபவர்களும் ஏறிய வண்டி, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது அந்த நான்கு பங்கு தெரியும். பிரேக்கிற்கும் பளு கூடும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல் ஓடும். தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் சொல்லுகிறது.

அகலம் நல்லதுதானே என்பீர்கள். மணலில் நல்லது; புதையாமல் மிதக்கும். குரங்கணிக்கு மேலே இருப்பதோ கல்லும் செம்மண் சகதியும். குறுகிய டயர் சகதியை அறுத்துக்கொண்டு கீழேயுள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். உலகப்போர்க் காலத்து ஜீப்புகள் 6 அங்குல அகல டயரில்தான் ஓடின என்பதை மூத்த வாசகர்கள் நினைவுகூரலாம்.

பெரிய ரிம்மும் எங்களுக்கு வேண்டாம். 2020இல் வந்த புதிய தார் வண்டியைப் பாருங்கள். 245/75 ஆர் 16 டயரில் பக்கச்சுவர் 184 மி.மீ.; பார்வைக்கு அழகான 255/65 ஆர் 18 டயரில் 166 மி.மீ.தான். கல் குத்தும்போது தாங்குவது அந்தப் பக்கச்சுவரும் அதனுள் இருக்கும் காற்றும் அல்லவா?

எல்லாவற்றிற்கும் மேலாக, டயர் கிழிந்தால் அதே அளவு போடியிலோ கம்பத்திலோ அன்றைக்கே கிடைக்க வேண்டும். பள்ளத்தாக்கில் ஓடும் பொலேரோக்களில் பெரும்பாலானவை இந்த அளவில்தான் ஓடுகின்றன. ஏலத்தோட்டத்திற்கு விடியுமுன் ஆள் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவார்கள்.

கூடுதலாகத் தர விரும்புகிற அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அப்போது ஒரு சக்கரம் மட்டும் அளவு மாறியிருந்தால் கியர் பெட்டி கெடும். ஆகவே ஸ்டெப்னி உட்பட ஐந்தும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். அந்த ஐந்தாவது டயருக்கும், பேட்டரியில் ஓடும் ஒரு காற்றடிக்கும் பம்பிற்கும் உங்கள் காணிக்கையை ஏற்றுக்கொள்ளுகிறோம். கல்பாதையில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினால், தார்ச்சாலைக்கு இறங்கியதும் திரும்ப அடித்தாக வேண்டும். குரங்கணிக்கு மேலே அதற்குக் கடை கிடையாது.