உங்களுக்குத் தெரியுமா? வயிறு திறந்த பூட்டு

◆ சாதாரண பித்தளைப் பூட்டுக்குள் நான்கைந்து குழிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்கள், அவற்றை அழுத்தும் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்ததும் ஜோடிகள் பிரியும் இடமெல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும், சாவி நுழைந்த உருளை சுழலும். ஒரு பின் அரை மில்லிமீட்டர் ஏறியிருந்தாலும் அசையாது. வாயால் எத்தனை முறை விளக்கினாலும் மனசில் நிற்காத இந்தச் சங்கதி, பூட்டின் பக்கவாட்டைத் திறந்து காட்டினால் ஒரே பார்வையில் புரிந்துவிடும். பூட்டுத் திறக்கப் பழகுகிறவர்களுக்கு இந்த வெட்டுப் பூட்டைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

◆ வெட்டுப் பூட்டு செய்ய வைஸ், சின்ன ட்ரில், ஊசி அரம் போதும். குழிகளின் அடைப்பை நீக்கி, பின்களையும் ஸ்பிரிங்குகளையும் வரிசை மாறாமல் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் நேராகப் பக்கச்சுவரில் ஓட்டை போட்டு, அரத்தால் இழைத்து ஜன்னலாக்க வேண்டும். உருளையிலும் அதே பக்கம் திறக்க வேண்டும். பின் 3 மி.மீ. தடிமன் என்றால் ஜன்னல் 2 மி.மீ. தாண்டக் கூடாது, தாண்டினால் பின் வெளியே துள்ளிவிடும். எல்லாரும் அவசரப்படுவது பிசிறு எடுப்பதில்தான். ஒரு துளி பித்தளைத் தூள் உள்ளே தங்கினாலும் பின் பாதியில் சிக்கி நிற்கும்.

◆ பூட்டைத் தயாரிக்கும்போது குழிகளை எவ்வளவு கவனமாகத் துளைத்தாலும் துல்லியமாக ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அதைச் சரியான உயரத்துக்குத் தள்ளினால் அடுத்தது இறுகும். சாவியில்லாமல் திறக்கும் வித்தை முழுதும் இந்த நூலளவுப் பிழையில் அடங்கியிருக்கிறது.

◆ வெட்டுப் பூட்டைப் போல, உள்ளே நடந்ததை வெளியே காட்டும் கல் வேலையும் உண்டு. மாமல்லபுரத்தில் வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் பார்த்திருக்கிறீர்களா? மேலே சிகரம் வடிவெடுத்திருக்க, கீழே பாறை பாறையாகவே நிற்கும். பல்லவச் சிற்பிகள் மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பதை முடிந்த கோயிலைவிட இந்த முடியாத ரதங்கள்தான் தெளிவாகக் காட்டுகின்றன. பஞ்ச ரதத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடாதீர்கள்.

◆ 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சி நடந்தபோது, ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டை அரை மணிக்குள் திறந்தார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பல்லாண்டு சவால் விட்டுக்கொண்டிருந்த பிராமா பூட்டும் அவர் கையில் திறந்தது. அதற்கு 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது. பூட்டின் குறையை வெளியில் சொல்லலாமா என்று பத்திரிகைகள் பதறின. திருடனுக்கு முன்பே தெரிந்ததை வீட்டுக்காரனும் தெரிந்துகொள்ளட்டும் என்பதே ஹாப்ஸ் பக்கத்து நியாயம். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

◆ 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு வேறு ஜாதி. அதில் பின்னுக்குப் பதில் லீவர் தகடுகள். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். அதன் உள்ளே பார்க்க, அங்கே செய்யும் மாங்காய்ப் பூட்டின் மேல்தகட்டைக் கழற்றினால் போதும், அரமே வேண்டாம்.

◆ செங்கல்பட்டோ சென்னையோ, கடைத்தெருவில் சாவி போடுகிறவர் பூட்டைப் பிரிக்காமலே வேலையை முடிப்பதுண்டு. வெட்டாத சாவியை நுழைத்து ஆட்டுவார், அதில் விழும் மெல்லிய தடத்தைப் பார்த்து அந்த இடத்தை மட்டும் ராவுவார், மறுபடி நுழைப்பார். அந்தத் தடம் எப்படி விழுகிறது என்பதை வெட்டுப் பூட்டின் ஜன்னல் வழியாகக் கண்ணாலேயே காணலாம்.

◆ கடலோரத்தில் இருப்பவர்கள் வெட்டுப் பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டாம். காற்றோடு வரும் மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் தூள் நல்லது. பழகுவதும் சொந்தப் பூட்டில் மட்டும் இருக்கட்டும், அதுவும் கதவில் தொங்காத பூட்டாகப் பார்த்து. திறக்கப் பழகும் கம்பி உள்ளே முறிந்தால் சாவிகூட நுழையாது.