லோபனோவ்ஸ்கி: கீவ் போட்ட கால்பந்துக் கணக்கு

மூலையில் கார்னர் கிக். அடிப்பவர் நெடுநெடுவென வளர்ந்த செம்பட்டைத் தலைக்காரர். பந்து கோல் கம்பத்தைத் தாண்டி வெளியே போகப்போகிறது என்று தோன்றும். கோல்கீப்பர் சுதாரிப்பதற்குள் வளைந்து, யார் மேலும் படாமல் வலைக்குள் விழுந்துவிடும். பார்க்கப் பிறவி வித்தைபோல இருக்கும். ஆனால், கீவ் பாலிடெக்னிக்கில் படித்த வலேரி லோபனோவ்ஸ்கி பந்தின் சுழற்சியைக் கணக்குப் போட்டு, விடாமல் உதைத்துப் பழகிப் பெற்ற கலை அது.

1939இல் கீவ் நகரில் பிறந்த அவர் டைனமோ கீவ் அணியின் விங்கர். 1961இல் சோவியத் லீக் பட்டத்தை முதன்முறையாக மாஸ்கோவுக்கு வெளியே கொண்டுவந்த அணியில் இருந்தார். 1964இல் பயிற்சியாளராக வந்த விக்டர் மாஸ்லோவுக்கு, பந்தைத் தன் காலிலேயே வைத்திருக்கும் விங்கர்கள் தேவைப்படவில்லை. லோபனோவ்ஸ்கி வெளியேறினார். ஒடேசா, டொனெட்ஸ்க் அணிகளில் ஆடி, 30 வயதுக்குள் ஓய்வும் பெற்றுவிட்டார்.

என்னை வியக்கவைப்பது அதன் பிறகு நடந்ததுதான். பயிற்சியாளரானதும் மாஸ்லோவைவிடக் கறாராக, தனி ஆளைவிட அணியின் அமைப்பே பெரிது என்றார். இளமையில் அவர் ஆடிய ஆட்டத்துக்கு அவருடைய அணியிலேயே இடமிருந்திருக்காது.

நிப்ரோ அணியில் பணியாற்றிய காலத்தில் விஞ்ஞானி அனடோலி செலென்ட்சோவ் துணைக்கு வந்தார். டைனமோ கீவ் அணியின் பொறுப்பை ஏற்றபின் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு வீரரின் ஓட்டம், பாஸ், தவறு எல்லாவற்றையும் எண்ணினார்கள். எதிராளி பந்தை வாங்கிய கணமே மொத்த அணியும் நெருக்க வேண்டும். அதற்கு உடம்பு தாங்க வேண்டும். 1975இல் ஃபெரென்ஸ்வாரோஸ் அணியை 3-0 என வென்றதில் ஐரோப்பியக் கோப்பை வின்னர்ஸ் கோப்பை கிடைத்தது. அடுத்த ஆண்டே, கசக்கிப் பிழியும் பயிற்சியைத் தாங்காமல் வீரர்கள் கிளர்ச்சி செய்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. இந்த முறைக்கு விலை கொடுத்தது அவர்களின் உடம்பு.

ஆனாலும் 1986இல் அதே கோப்பை மீண்டும் வந்தது. 1988 யூரோவில் சோவியத் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். வளைகுடாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1997இல் கீவ் திரும்பியபோது பலர் அவரைப் பழங்காலத்து ஆள் என்று எண்ணியிருக்கலாம். அந்த ஆண்டே பார்சிலோனாவை அதன் சொந்த மைதானத்தில் 4-0 என்று வீழ்த்தினார்; அவருடைய வீரர் ஷெவ்சென்கோ முதல் பாதியிலேயே ஹாட்ரிக் அடித்தார்.

2002 மே மாதம் சாபோரிஷியாவில் ஓர் ஆட்டத்தின்போது உடல்நிலை மோசமாகி, சில நாள்களில் இறந்தார். உக்ரைன் தேசிய அணி 2006 உலகக் கோப்பையில் காலிறுதிக்குப் போனபோது பயிற்சியாளர் பிளோகின்; யூரோ 2020 காலிறுதியின்போது ஷெவ்சென்கோ. இருவரும் லோபனோவ்ஸ்கியின் மாணவர்கள்.